எத்தனை குட்டீஸ், தோழி?

தாம்பரம் ஸ்டேஷனில் யாராவது “செங்கல்பட்டு வண்டி போயிடுச்சா?” என்று கேட்டால், “தெரியாது” என்று சொல்லும் ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் படியிறங்கி வந்தவர்கூட “இப்பதான் போச்சு” என்பார். கேட்டவரும் அதை நம்ப மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் போய் அதையே கேட்பார். மூன்று பேரிடம் கேட்டு, மூன்று விதமான பதிலை வாங்கிக்கொண்டு, பழையபடி தண்டவாளத்தைப் பார்த்து நிற்பார். அப்புறம் எதற்குக் கேட்டார்? பதில் வேண்டும் என்பதற்காகத்தான் கேள்வி கேட்கிறோம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். அது தப்பு என்று புரிந்ததே தவிர, எது சரி என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்ததோ நாள் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக். வாசலை ஒட்டி ஒரு மேஜை, அதில் டோக்கன், எடை மெஷின், ஒரு நீள நோட்டு, பின்னால் நான். டாக்டரின் கார் வெளியே நிற்கும், செருப்பு அறை வாசலில் கிடக்கும், அவர் யாரையோ திட்டுவது கதவைத் தாண்டிக் கேட்கும். உள்ளே வருபவர்கள் இத்தனையையும் பார்த்துவிட்டு என்னிடம் “டாக்டர் இருக்காரா?” என்பார்கள். முதல் வருஷம் “இருக்கார்” என்றேன். இரண்டாவது வருஷம் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு கையை நீட்டி “டோக்கன் எடுங்க” என்று மட்டும் சொன்னேன். மூன்றுக்கும் அவர்கள் ஒரே மாதிரிதான் திருப்தியானார்கள்.

நான் பயந்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். குழந்தையை எடை மெஷினில் கிடத்தும்போது பாதித் தாய்மார்கள் அதைக் கேட்பார்கள்.

“உங்களுக்கு எத்தனை பசங்க?”

எனக்குக் குழந்தை இல்லை. அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம். “இல்லைங்க” என்றதும் விசாரணை ஆரம்பமாகும். எத்தனை வருஷம் ஆச்சு? யாருக்குக் குறை? எந்த டாக்டரைப் பார்த்தீங்க? ராகு காலத்தில் அம்மனுக்கு விளக்குப் போட்டீங்களா? முகம் தெரியாதவர்கள், அரை நிமிஷத்தில், என் கர்ப்பப்பை வரை வந்துவிடுவார்கள். எரிச்சலாக வரும். அதைவிட வலித்தது வேறொன்று. சிலர் பதிலைக் கேட்டதும் மெஷினில் கிடக்கும் குழந்தையைச் சட்டென்று எடுத்துத் துண்டால் அதன் முகத்தை மூடிவிடுவார்கள், என் கண் பட்டுவிடுமாம். அவர்களே கேட்டார்கள், நான் உள்ளதைச் சொன்னேன். இதில் நான் என்ன தப்பு செய்தேன் என்று வீடு இருக்கும் பெருங்களத்தூர் வரும்வரை ரயிலில் யோசித்துக்கொண்டே வருவேன்.

கிளினிக் காலை பத்திலிருந்து ஒன்றுவரை, பிறகு சாயந்திரம் ஐந்துக்கு மேல். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்த என் கணவர், கம்ப்யூட்டரில் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வந்து விழும். அதோடு மத்தியானத் தூக்கம் போயிற்று.

பெண்களுக்கான ஒரு தமிழ்த் தளத்தைக் கண்டுபிடித்தேன். சமையல், கோலம், குழந்தை வளர்ப்பு என்று பகுதி பகுதியாக இருக்கும். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லோரும் பூக்கள், நட்சத்திரங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல பூக்கள் எல்லாம் தீர்ந்துபோய், ஒரு காய்கறியின் பெயரும் பின்னால் இரண்டு எண்களும்தான் எனக்குக் கிடைத்தன. சேர்ந்த ஐந்தாவது நிமிஷம் ஒரு பூ வந்து வரவேற்றது.

“ஹாய் தோழி, வெல்கம்! உங்களுக்கு எத்தனை குட்டீஸ்?”

இங்கேயுமா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். விளக்கு, ராகு காலம், எந்த டாக்டர். கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டு. பெரியவன், சின்னவள்” என்று தட்டினேன். “ஸோ ஸ்வீட்” என்று எழுதிவிட்டு அந்தப் பூ போய்விட்டது. அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக என்னைத் துரத்திய கேள்வி இரண்டு நொடியில் முடிந்துபோனது. பொய் சொன்னோமே என்று வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வெயிலில் நடந்து வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தாய்மார்கள் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல், பல், பேதி, தடுப்பூசி. எனக்கோ எல்லாமே தெரிந்த கேள்விகள். ஆறு வருஷமாக டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தவள் நான். “காய்ச்சலுக்கு எவளாவது ஸ்வெட்டர் போடுவாளா? கழட்டும்மா” என்று அவர் கத்துவதை வாரத்துக்கு நான்கு முறை கேட்டிருக்கிறேன். அதையே கொஞ்சம் அன்பாக எழுதினேன். மருந்துப் பெயர் மட்டும் சொல்லவே மாட்டேன், சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டு என்பேன். நாலு மாதத்தில் “அக்கா சொன்னா சரியா இருக்கும்” என்று ஆகிவிட்டது.

பதில் சொல்லச் சொல்ல என் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பெரியவன் ரசம் சாதத்தைத் தவிர எதையும் தொட மாட்டான். சின்னவள் விடிகாலையில் வண்டலூர் ஜூ பக்கமிருந்து காற்றில் வரும் சிங்கச் சத்தத்துக்கு நடுங்குவாள். சிங்கத்துக்கு நடுங்கியது உண்மையில் நான். ஒருநாள் என் கணவர் பின்னால் நின்று திரையைப் படித்துவிட்டு, “யார் இந்தப் பெரியவன்?” என்றார். “சும்மா” என்றேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கேட்கிறவர்கள் மேல் கோபப்பட்ட எனக்கு, அன்று அவர் கேட்காததற்கும் கோபம் வந்தது. இதை என்னவென்று சொல்ல?

புதிதாக ஒரு பெண் தளத்துக்கு வந்தது அந்தக் கோடையில். கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள், முதல் குழந்தை, மூன்று மாதப் பெண் குழந்தை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நானாக யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். அவளோ ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்பாள்.

“அக்கா, ரெண்டு தடவை தும்மினா சளியா?”

“அக்கா, பாப்பா ஃபேனைப் பார்த்துச் சிரிக்குது. என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டேங்குது. கோவமா இருக்குமா?”

படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன். எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் கேட்க முடியாததைத் தனி மடலில் கேட்பாள். மாமியார் குழந்தைக்கு வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார், வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்று எழுதினாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லையாம், உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்றாள். “டாக்டர் வேண்டாம்னு சொன்னார்னு சொல்லு, உன் பேரை இழுக்காதே” என்று வழி சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் மத்தியானம் பொதுப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி போட்டிருந்தாள்.

“பாப்பாவுக்குப் பால் குடிக்கும்போது தலையெல்லாம் நனைஞ்சு போகுது. ரெண்டு நிமிஷம் குடிக்கும், மூச்சு வாங்கி நிறுத்திடும். வெயில்தானே தோழிகளே?”

நான் பார்ப்பதற்குள் ஏழெட்டுப் பதில்கள் வந்திருந்தன. வெயில்தான் தோழி. ஃபேனை வேகமா வைங்க. என் பையனுக்கும் இப்படித்தான், தலைமுடி அடர்த்தியா இருந்தா வேர்க்கும். கடைசியாக அவள், “அப்பாடா, தேங்க்ஸ்” என்று எழுதியிருந்தாள்.

நான் அவள் கேள்வியை மறுபடி படித்தேன். எடை ஏறாத கைக்குழந்தையை யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் எங்கள் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அது. “பால் குடிக்கிறப்போ நெத்தி வேர்க்குதா?” ஆமாம் என்று சொன்னவர்களில் சிலருக்கு அவர் ஸ்டெதஸ்கோப்பை ரொம்ப நேரம் நெஞ்சில் வைத்திருப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சத்தமாகவே பேசிப் பழகிய அவர் குரல் தாழ்ந்தால் இதயக் கோளாறு என்று எனக்குத் தெரியும்.

தனி மடலில் கேட்டேன். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. “எடை எவ்வளவு?” சொன்னாள். பிறந்தபோது இருந்ததைவிட அதிகம் ஏறவில்லை. நாளைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டு என்றேன். வீட்டில் எல்லோரும் வெயில் என்கிறார்களே அக்கா என்றாள். வெயில் இல்லை என்றேன். மாமியார் சிரிப்பாங்க அக்கா என்றாள். அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவள் கேட்டாள்.

“உங்க பசங்க யாருக்காவது இப்படி இருந்துச்சா அக்கா?”

இருந்தது என்றால் போவாள். இல்லை என்றால், ஏழெட்டுப் பேர் சொன்ன வெயிலோடு உட்கார்ந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், பிள்ளையே பெறாதவள் இத்தனை நாள் ஏமாற்றினாள் என்று, டாக்டரிடம் போ என்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தும்வரை நான் எதுவும் தட்டவில்லை.

“பெரியவனுக்கு இருந்துச்சும்மா” என்று எழுதினேன். “இதே மாதிரிதான். நாலு மாசத்துல ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப ஓடற ஓட்டத்தைப் பார்த்தா நம்ப மாட்டே.”

“எந்த டாக்டர்கிட்டக்கா காட்டினீங்க?”

வேறு யாராவது ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவள் எங்கள் கிளினிக்குக்கு வந்தால் மேஜைக்குப் பின்னால் நான்தான் உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாமல் இல்லை. ஆனால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தெரிந்த டாக்டர் அவர் ஒருவர்தான். அவர் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். புர்கா போட்டிருந்தாள், கூட வீட்டுக்காரர். அவளுக்கு வேப்பிலை, விளக்கு, வெள்ளிக்கிழமை என்று எத்தனை சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் “சரிக்கா” என்றே பதில் போட்டிருக்கிறாள். குழந்தையை மெஷினில் வைத்தாள். நேற்று அவள் எழுதிய அதே எடை. முள் அந்த இடத்தில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரிந்தது.

“யார் அனுப்பினாங்க?” என்றேன், எல்லோரையும் கேட்பது போல.

“நெட்ல ஒரு அக்கா, மேடம். அவங்க பெரிய பையனுக்கு இங்கதான் பார்த்தாங்களாம். நல்லாயிட்டானாம்.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. “அவங்க பேரைச் சொன்னா டாக்டருக்கு ஞாபகம் இருக்குமா மேடம்?”

“நிறைய பேர் வர்றாங்கம்மா” என்றேன். நோட்டில் குழந்தையின் வயதைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினேன்.

உள்ளே அரை மணி நேரம் ஆயிற்று. டாக்டரின் குரல் தாழ்ந்தது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதுதானே விஷயம். வெளியே வந்தபோது அவள் கையில் ஸ்கேனுக்கும் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் இருந்தது. கணவர் மாத்திரை வாங்கப் போனார். அவள் என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் போல எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது.

“மாமியார் வசம்பு தடவறதை நிறுத்திட்டாங்களாம்மா?”

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. வசம்பைப் பற்றி அவள் இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். அவள் என்னையே பார்த்தாள். முகத்தை, தாலியை, மேஜையை, மறுபடி முகத்தை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்கு எத்தனை பசங்க?”

ஆயிரம் முறை கேட்ட கேள்வி. நான் நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆயாம்மா நிமிராமலே பதில் சொன்னார்.

“அதுக்கு ஏதும்மா கொயந்த? பாவம், கல்யாணமாயி பத்து வருசம் ஆவப் போது. இன்னும் ஒண்ணும் இல்லாமத்தான் கீது.”

இப்போது துண்டை இழுத்து மூடுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூடவில்லை. கத்தவும் இல்லை. ஏதோ எட்டாத கணக்கைப் போட்டுப் பார்ப்பது போல நின்றாள். கணவர் வாசலில் இருந்து கூப்பிட்டார். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, “வர்றேங்க்கா” என்று போனாள். உள்ளே வந்தபோது நான் மேடம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிற நீங்கள் மனசுக்குள் அதையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் தளத்துக்கே வரவில்லை. நான் தினமும் மத்தியானம் திறந்து பார்த்தேன். மன்னித்துவிடு என்று எழுதி அழித்தேன். பொய்யால்தானே குழந்தை டாக்டரிடம் வந்தது என்று எழுதினேன், அது தற்பெருமையாகப் பட்டது, அதையும் அழித்தேன். என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன் என்பது உண்மைதான். ஆனால் என்னை அலைக்கழித்தது அது இல்லை. ஆபரேஷன் என்றால் பயப்படாதே என்று அவளுக்கு நான் கொடுத்த ஒரே தைரியம் பெரியவன். அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி எதைப் பிடித்துக்கொண்டு குழந்தையை உள்ளே அனுப்புவாள்? இல்லாத பிள்ளையை ஒரு தாய்க்குக் கொடுத்து, நானே அவனைப் பிடுங்கியும் விட்டேன். இதற்கு யாரிடம் போய் வழி கேட்பது? கேட்கிற பழக்கமே எனக்கு இல்லையே.

அப்புறம் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். தனி மடலில் இல்லை, எல்லோரும் பார்க்கும் பக்கத்தில்.

“அக்கா, நாளைக்குக் காலைல பாப்பாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி பக்கத்துல பிரௌசிங் சென்டர்ல இருந்து எழுதறேன். உங்க பெரியவன் இப்ப நல்லா ஓடறான்ல?”

முதல் முறை படித்தபோது குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். முகம் எரிந்தது. இரண்டாவது முறை, எல்லோர் முன்னாலும் என் வாயாலேயே உண்மையை வரவழைக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. இல்லை, ஆயாம்மா சொன்னது அவளுக்கு அன்று காதில் ஏறவே இல்லையோ? ஏறியது, நான்தான் பார்த்தேனே. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்போதும் புரியவில்லை. அதற்குள் வேறு யாரோ ஒரு பூ கீழே “கவலைப்படாதீங்க தோழி, பிரார்த்திக்கிறோம்” என்று எழுதியிருந்தாள். அதற்கு அவள் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில், பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, என் பதிலுக்காக மட்டும் காத்திருந்தாள். தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள். தெரிந்தும் அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

“ஓடறான்மா” என்று தட்டினேன். எழுத்துகள் மங்கின, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் எழுதினேன். “ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான். பின்னாலயே ஓடி ஓடித்தான் சோறு ஊட்டறேன். நெஞ்சுல ஒரு கோடு மட்டும் இருக்கு, அதுவும் மங்கிடுச்சு.”

அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது.

“அது போதும்க்கா.”